பிஸ்கற் பேணிக்குள் ஒரு பின்னல்

அந்தப் பின்னலை நான் குப்பை என்றுதான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. பத்ரோனின் மேசைக்குக் கீழே துருப்பிடித்த தகரப் பிஸ்கற் பேணி ஒன்று கிடந்தது. திறந்தால், முழங்கை நீளத்துக்கு ஒரு பின்னல். நுனியில் நிறம் போன சிவப்பு நூல். முடி வெட்டும் கடையில் கூட்டுகிறவனுக்கு முடி என்றால் குப்பைதானே. மற்றதுகளோடு சேர்த்து அள்ளி வாசல் தொட்டியில் போட்டேன். திரும்பி வந்த பத்ரோன் வெறும் பேணியைக் கண்டார். வெளியே போய், சட்டைக் கையை மடித்து, தோள் வரைக்கும் தொட்டிக்குள் விட்டுத் தேடினார். ரூ லூயி-பிளாங் தெருவில் போன சனம் எல்லாம் நின்று பார்த்தது. வேலை போய்விட்டது என்று நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டேன்.

பத்ரோன் என்றால் பிரெஞ்சில் முதலாளி. என்னுடைய பத்ரோன் ஒரு சீனர். குதிரைப் பந்தயப் பைத்தியம், சிரிப்பு வராத முகம். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்னலை ஷம்பு போட்டுக் கழுவி, உலர்த்தும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டே கதை சொன்னார். அவருடைய பிரெஞ்சு உடைசல், என்னுடையது அதைவிட உடைசல். அதனால் இருவருக்கும் நன்றாக விளங்கியது. அது அவருடைய பாட்டனின் பின்னல். கடைசி அரசன் விழுந்த காலத்தில், ஊர் வாசலில் நின்ற சிப்பாய்கள் வந்தவன் போனவன் பின்னலை எல்லாம் பிடித்து வெட்டினார்களாம். பரம்பரை வழக்கம் போயிற்றே என்று பாட்டன் வெட்டிய பின்னலை நெஞ்சில் வைத்து அழுதாராம். யப்பானிலும் அதற்குக் கொஞ்சம் முந்தி இதே கூத்து. அங்கே அரசனே தன் கொண்டையை வெட்டி மற்றவர்களுக்குக் காட்டினானாம்.

பிறகுதான் பத்ரோன் முக்கியமானதைச் சொன்னார். அந்தப் பின்னலே அவர்களுடையது அல்ல. அதற்கும் இருநூறு வருடத்துக்கு மேலே முந்தி வடக்கிலிருந்து படையோடு வந்து நாட்டைப் பிடித்தவர்கள், முன்மண்டையை மழி, பின்னால் பின்னல் விடு, மறுத்தால் தலை இராது என்று போட்ட கட்டளை. தாய் தகப்பன் தந்த முடியில் கத்தி பட்டதே என்று அன்றைக்கும் சனம் அழுதது. "பாட்டனின் பாட்டன்மார் பின்னல் வைக்கச் சொன்னதற்கு அழுதார்கள், என் பாட்டன் அதை வெட்டச் சொன்னதற்கு அழுதான்" என்றார் பத்ரோன். "இந்த இரண்டு அழுகையும் மறக்கக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்த எழுத்தில் பிழை இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள். இருக்கக் கதிரை தருவேன். ஆனால் ஒன்று. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இருபது புத்தகத்தில் விளங்காதது, எனக்கு ஒரு பின்னலில் விளங்கியது. நான்கு வருடத்தில் பத்ரோனைவிடச் சுத்தமாக வெட்டினேன். அவரே சொன்னார், நான் சொல்லவில்லை. ஓய்வு எடுத்தபோது கடையையும் பேணியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முடி வெட்டும் கடை என்று தமிழில் போர்ட் எழுதி மாட்டினேன்.

மாட்டிய மறுநாளே புறநகர் சார்செலிலிருந்து மாமா வந்துவிட்டார், அம்மாவின் தமையன். என் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்தவர் அவர்தான். தங்கை அப்போது கடைக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாமா கதிரையில் இருக்கவில்லை. தொட்டால் ஒட்டிவிடும் என்பதுபோல நடுக்கடையில் நின்றார்.

"எங்கடை பரம்பரையிலை ஆரும் மற்றவன்ரை மயிரிலை கை வைச்சதில்லை, மருமோன். மாப்பிள்ளை பகுதி விசாரிச்சுப்போட்டினம். உந்தப் போர்டைக் கழட்டிப்போட்டு ரெலிபோன் கடை எண்டு போடு. இல்லாட்டி இந்தச் சம்பந்தம் இண்டையோடை முறிஞ்சுது."

"ஊரிலை எங்களுக்குத் தலைமயிர் வெட்ட வந்த மனிசனை முற்றத்திலை நிப்பாட்டி வைச்சனாங்கள். ஒரு நாளாவது கதிரை குடுத்தனாங்களோ மாமா?"

"அது வழமை."

"ஆர் போட்ட வழமை?"

"ஆர் போட்டதெண்டு எனக்கென்ன தெரியும். அந்த நாளையிலையிருந்து வாறது."

நான் பேணியைத் திறந்து பின்னலை அவர் கையில் வைத்தேன். பாம்பைத் தொட்டவர்போலத் துள்ளினார். முழுக் கதையையும் சொன்னேன். "சீனன்ரை கதையை எனக்கேன் சொல்லுறாய்? உன்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கையைப் பார்" என்றார். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. கடை என்னுடையது, கலியாணம் அவளுடையது. கதிரைக்காக நான் எவ்வளவும் வீம்பு பிடிக்கலாம், விலையை அவள் கொடுக்க வேண்டும். நான் அவளைப் பார்த்தேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முடி வளராதோ மாமா? வளர்ந்தால் ஆரிட்டைப் போறவை?" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, போர்ட் கொஞ்சம் சரிஞ்சு நிக்குது. ஏறி நிமித்தி விடு."

சம்பந்தம் முறிந்தது. நாலு வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல காரியத்துக்கும் அழைப்பு வரவில்லை. ஐந்தாவது வருடம் அவள் தானே ஒருவரைப் பிடித்தாள். நல்ல மனிதர், தலையில் வெட்டத்தான் ஒன்றும் இல்லை.

இன்றைக்கு என்னிடம் ஒன்பது கதிரைகள். இந்த லா சப்பல் பகுதியில் இதைவிடப் பெரிய தமிழ்க் கடை இருந்தால் காட்டுங்கள். மாமா இப்போது கைத்தடியோடு மாதம் ஒருமுறை வருகிறார். சார்செலில் முடி வெட்டக் கடை இல்லையா என்று நான் கேட்பதில்லை. பேணி துருவில் உதிர்ந்துவிட்டது. பின்னலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முதலாம் கதிரைக்கு நேரே மாட்டியிருக்கிறேன். மாமாவை அந்தக் கதிரையில்தான் இருத்துவேன்.

போன கிழமை புதிதாகச் சேர்ந்த பெடியன் அவருக்குத் துணியைப் போர்த்தி, எப்படி வெட்டுவது என்று கேட்டான். மாமா பின்னலைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"வழமை போலை வெட்டு, தம்பி."

புதியது வழமையாகச் சீனருக்கு இருநூறு வருடம் எடுத்தது. மாமாவுக்கு இருபதுகூட எடுக்கவில்லை.