ஏற்றத்துக்கு மட்டும் ஒரு வண்டி

எங்கள் வீட்டுக்கு லேண்ட்ரோவர் வந்து சேர்ந்தபோது அதற்குள் கோழிகள் குடியிருந்தன. திரிங்காப்பில் முட்டைக்கோசு போடும் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், தோட்டத்து மூலையில், சக்கரங்கள் பாதி மண்ணில் புதைந்து, அது பல வருஷங்களாகக் கோழிக்கூண்டாக இருந்தது. தவுக்கேயின் தண்ணீர் பம்பை அப்பா பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். அவர் பதிலுக்கு வண்டியைக் கொடுத்தார். கோழிகளை மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அப்படியும் ஒரு கோழி பின்சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, தேயிலை மலைக்கு நடுவே இருந்த எங்கள் எஸ்டேட் லயத்து வீடு வரைக்கும் வந்துவிட்டது.

கேமரன் மலையில் பழைய லேண்ட்ரோவர் அதிசயம் இல்லை. காய்கறித் தோட்டங்களில் என் அப்பாவைவிட வயதான வண்டிகள் இன்னமும் சுமை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகையால் அப்பா ஒன்றைக் கொண்டுவந்ததில் லயத்தில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கொண்டுவந்த நேரம்தான் எல்லோரையும் முகம் சுளிக்க வைத்தது. அம்மா அப்போது மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

அம்மா கொழுந்து பறிக்கிறவள். முதுகுவலி என்றபோது கூடையின் பாரம் என்று எல்லோரும் நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். நோய் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்த அன்று, எஸ்டேட் லேண்ட்ரோவரில் அவளைப் படுக்க வைத்துத் தார் ரோடு வரைக்கும் கொண்டுபோனார்கள். லயத்திலிருந்து தார் ரோட்டுக்குப் போகும் பாதை கல்லும் பள்ளமுமாகத் தேயிலைக்குள் வளைந்து இறங்கும். ஆம்புலன்ஸ் அதில் ஏறாது, கீழேயே நின்றுவிடும். நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெரிய பாறையை ஒட்டிய வளைவில் அவள் போட்ட சத்தத்துக்கு, மேலே பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆம்புலன்சுக்கு மாற்றும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்னைய இந்த மாதிரி வண்டில ஏத்தாதீங்க" என்றாள். அப்பா தலையாட்டினார்.

அப்படித் தலையாட்டிய மனிதர், கொஞ்ச நாளிலேயே அதே மாதிரி வண்டி ஒன்றை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்கள் தலையாட்டுவதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். வேலை முடிந்து வந்ததும், வீட்டை ஒட்டிப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். இப்போது ஒரு கார் தொழிற்சாலையில் அதிர்வுகளை அளப்பது என் வேலை. எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். அந்த வண்டியில் நடந்ததையும் அப்படியே சொல்கிறேன். முதலில் கோழி எச்சத்தைச் சுரண்டினோம். அடுத்து, துருப்பிடித்துப் போயிருந்த அடிச்சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டை விழுந்த இடங்களில் தகடு வைத்து வெல்டிங் செய்தார். பழைய பெட்ரோல் இன்ஜின் இறுகிப்போயிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, ஏதோ ஒரு ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினை உள்ளே உட்கார வைத்தார். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார். இதெல்லாம் மலையில் எல்லோரும் செய்கிற வேலைகள்தான். யாரும் செய்யாத வேலை பிறகுதான் ஆரம்பமானது.

இன்ஜினைக் கீழேயிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரி ஓட்டினார். போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். ஆரம்பத்தில் அவரும் வேடிக்கையாகத்தான் பேசினார். "என்னா மச்சான், கோழிக்கு ஏர்கோன் மாட்டியாச்சா?" என்று கேட்டபடியே கொட்டகைக்குள் நுழைவார். அப்பா வண்டிக்கு அடியிலிருந்தே, கோழி உன்னைத்தான் டிரைவராகக் கேட்கிறது என்பார். அம்மா கொடுத்துவிட்ட ஏதாவது ஒன்று மாமாவின் சட்டைப் பையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிஸ்கட், அல்லது ஒரு ஆரஞ்சு. நாளாக ஆக அவள் ஒன்றும் கொடுத்துவிடவில்லை. மாமாவும் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா ஸ்ப்ரிங்கைக் கழற்ற ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். லேண்ட்ரோவரின் ஸ்ப்ரிங், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். மூட்டை மூட்டையாய்ச் சுமப்பதற்கென்று செய்தது என்பதால் ஆள் மட்டும் ஏறினால் அது அசையவே அசையாது. பாதையில் உள்ள ஒவ்வொரு கல்லையும் அப்படியே முதுகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அப்பா பின் ஸ்ப்ரிங்குகளிலிருந்து ஒரு பட்டையை உருவினார். மிச்சப் பட்டைகளை உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்து, நடுவில் கிரீஸ் தடவி மறுபடி அடுக்கினார். பின்பக்கம் இரண்டு பெஞ்சையும் எடுத்துவிட்டு நீளமாக ஒரு பலகைக் கட்டில் போட்டார். கதவுப் பக்கத்தில், கால் உதைத்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை.

பிறகு அதைச் சோதிப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்.

சோதனை இப்படித்தான் நடக்கும். தார் ரோடு வரைக்கும் நான் முன்சீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து போவேன். அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்தி, என்னைப் பின்னால் கட்டிலில் படுக்க வைப்பார். பக்கத்தில் ஒரு மூட்டை மணல். நானும் மணலும் சேர்ந்து ஒரு பெரிய ஆள் கனம். வண்டி மெதுவாக மேலே ஏறும். எங்கே இடிக்கிறது, தலையிலா, இடுப்பிலா, எவ்வளவு என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பொய் சொல்லக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. இடுப்பில் இடிக்கிறது என்றால் மறுநாள் இன்னொரு பட்டை வெளியே வரும். பின்பக்கம் ரொம்பத் தாழ்ந்துபோனால் அது மறுபடி உள்ளே போகும். சில பள்ளங்களில் அப்பாவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கல் கொண்டுபோய்ப் போட்டு மிதித்து நிரப்பினார்.

ஞாயிறு மதியம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். திரும்பி வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், மூட்டையை அவிழ்த்துக் கொஞ்சம் மணலை வெளியே கொட்டுவார். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். வண்டிக்குக் கஷ்டமாக இருக்கும் என்று குறைக்கிறார் என நினைத்தேன். மூட்டை என்னைவிடச் சின்னதாகிவிட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டிலில் எனக்கு நிறைய இடம் கிடைத்தது.

மாமாவுக்கு இதெல்லாம் தாங்கவில்லை. அம்மாவைக் கோலாலம்பூருக்கு மாற்ற வேண்டும், அங்கே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது அவருடைய பேச்சு. அப்பா பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம், மழை விட்டு மூடுபனி கொட்டகைக்குள் வந்துகொண்டிருந்தபோது, மாமா லோரியை நிறுத்திவிட்டு நேராக வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அக்கா அங்க நாளுக்கு நாள் கரைஞ்சிகிட்டு இருக்கு. நீங்க இங்க பட்டைய கழட்டுறதும் மாட்டுறதுமா இருக்கீங்க. மனுசன்தானா மச்சான் நீங்க?"

அப்பா கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். மாமா வண்டியின் பின்கதவைத் திறந்து, செருப்போடு ஏறி, கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். "சரிலா. நான்தான் அக்கா. ஓட்டுங்க கீழ, பாப்போம்" என்றார். அது கிண்டல் என்று எனக்கே தெரிந்தது.

"எறங்கும்போது படுக்க முடியாது மாப்ள. ஏறும்போது படு" என்றார் அப்பா.

"ஏன், எறங்கும்போது என்னா?"

"வழுக்கி முன்னால போயிருவே. தலப் பக்கம் தடுப்பு இல்ல."

"அப்ப போடுங்க தடுப்பு."

"தேவப்படாது."

மாமா படுத்தபடியே இருந்தார். கிண்டலுக்குப் படுத்தவர் எழுந்திருக்க மறந்துவிட்டார் போல எனக்குத் தோன்றியது. பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டுக்கு வரணும்னு அக்கா கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்கிட்ட கேக்கலயே."

"நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும் அதுக்கு."

மாமா கையால் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா அவருடைய காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எனக்குப் பசித்தது. சாப்பிடலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் மாமா லோரியில் ஒரு தடித்த பஞ்சு மெத்தை கொண்டுவந்தார். கட்டிலின் அளவுக்கு அவரே அதை வெட்டினார். அன்றிலிருந்து வேலை வேகமாக நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள், கதவு ஆடாமல் ரப்பர் ஒட்டினார்கள். கோலாலம்பூர் என்ற சொல்லை மாமா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஸ்ப்ரிங்கின் அருமை அவருக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பாதியில் கூட்டிக்கொண்டு வந்த ஒரு நாளில் அம்மா மேலே வந்தாள். பிரிஞ்சாங் வழியாக ஒரு வாடகை வேன் அவளைத் தார் ரோட்டு முனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் வண்டி அங்கே வாய் திறந்து காத்திருந்தது. மாமாவும் வேன்காரரும் அவளைப் படுக்கைத் துணியோடு தூக்கி மெத்தையில் வைத்தார்கள். அவ்வளவு சுலபமாகத் தூக்கினார்கள். அப்பா நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினார். மிச்சமிருந்த அதிர்வையும் அது வாங்கிக்கொள்ளும். பிறகு தாழ்ந்த கியரில் போட்டார்.

அந்தப் பாதையை என்னைப்போல் முதுகால் படித்தவர்கள் யாரும் இல்லை. அதனால் என்னை அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இடது பக்கம் ஒன்று வருது, சின்னது, என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் விரலைப் பிடித்திருந்தாள். வண்டி படகு மாதிரி மெல்லச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. வெளியே பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள். மேலே வெகுதூரம் வந்துவிட்ட பிறகு, அம்மா உதட்டை அசைத்தாள். குனிந்து கேட்டேன்.

"பாற வளைவு எப்ப வரும்?"

"அது போயிருச்சும்மா."

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கேலி செய்கிறேனோ என்று பார்த்தமாதிரி இருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்னால் அப்பாவின் தோள் குலுங்கியது. அது இன்ஜினின் அதிர்வு என்று நினைத்தேன்.

வீட்டில் அவளைப் படுக்க வைத்ததும் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் குணமாகித்தான் வருவார்கள். அம்மா ஒருமுறைகூடக் கத்தாமல் வந்துவிட்டாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். வெளியே ஓடினேன். ஆண்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். எங்கள் மலையில் புதிதாகச் சரிசெய்த லேண்ட்ரோவர் ஒன்று வந்து நின்றால், முதல் வேலையாக யாராவது முன்மூடியைத் தூக்குவார்கள், இன்ஜினைப் பார்ப்பார்கள், இது தேறாது என்று ஒருவர் சொல்வார், சண்டை வரும். அன்று யாரும் எதையும் தூக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் வேலையை மதிக்காமல் நிற்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

நானே முன்பக்கம் போய்க் கொக்கியை விடுவித்தேன். மூடி கனமாக இருந்தது. எஸ்டேட் கங்காணி வந்து தூக்கிப் பிடித்தார். நான் டயர் மேல் ஏறி நின்றுகொண்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கோழிகள், வெல்டிங், ஜப்பான் இன்ஜின், பிரேக், ஒவ்வொன்றாக உருவிய பட்டைகள். எதையும் விடவில்லை. அவர்கள் குறுக்கே பேசாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டார்கள். நிறுத்தியபோது ஒருவர், "அப்புறம் பாப்பா?" என்றார்.

அப்புறம் அம்மா இனிமேல் வாராவாரம் பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கு இதில்தான் போவாள் என்றேன்.

கங்காணி மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பக்கத்தில் கம்பி இருக்கிறது, முட்டுக்கொடுத்துவிட்டுக் கையை எடுக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. இந்த மாதிரி வண்டி அவருக்குப் பழக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.