மாதாவின் முதுகுப் பலகை

அது 1944. பள்ளியில் மட்டும் ஜப்பானியர் கணக்குப்படி 2604 என்று எழுத வேண்டும். எந்தக் கணக்கில் எழுதினாலும் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான்.

அப்பா தேவாலயங்களுக்குச் சுரூபம் செதுக்குபவர். சண்டைக்கு முன்பு ஒரு சிற்றாலயத்தார் சொல்லி வைத்திருந்த பலாமரத்து மாதா, மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் குப்புறப் படுத்திருந்தார். சிற்றாலயத்தார் பிறகு வரவில்லை. வந்தவர்கள் மரச்செருப்புக் கேட்டார்கள். சிறகு விரித்த சம்மனசுகளின் விரல்களைச் செதுக்கிய உளியால் அப்பா அதையும் செய்தார்.

மரம் வெடிக்காமலிருக்கப் பெரிய சுரூபங்களின் முதுகைக் குடைந்து, பலகையால் மூடுவது அவர் வழக்கம். வேலை முடியும்வரை அந்தப் பலகையை மரமுளைகள் பிடித்திருக்கும். வேண்டும்போது தட்டிக் கழற்றலாம். கடைசியில்தான் ஆணி. அதன்பின் திறப்பதில்லை.

ஒருநாள் பெரியப்பா குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னடா, மாதா வயித்துலயும் ஒன்னுமில்ல? நம்ம ஊட்டு ஆளாயிட்டாங்க போல."

"காலியா இருந்தாதாண்ணே வெடிக்காது."

"அப்ப நாமெல்லாம் நூறு வருஷம் இருப்போம்டா."

என் தம்பி நடக்கத் தொடங்கியிருந்தவன், காய்ச்சல் வந்து மறுபடி தவழ்ந்தான்; பிறகு அதுவும் இல்லை. மருந்து தேடி அப்பா டவுன் முழுக்க அலைந்தார். ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறான் என்றிருந்தேன்.

அம்மா ஒன்றுதான் கேட்டார்: "பாயில சுத்தி மட்டும் அனுப்பிடாதீங்க."

அந்த மாதங்களில் அப்படித்தான் அனுப்பினார்கள். பெட்டி செய்யப் பலகை கேட்டுப் போன பெரியப்பா வெறுங்கையோடு திரும்பினார்.

அப்பா மாதாவின் முதுகைத் திறந்தார். குடைவின் ஓரங்களை இன்னும் கொஞ்சம் செதுக்கி, அம்மாவின் சேலைத்துண்டை விரித்துத் தம்பியைக் கிடத்தினார். அளவு சரியாக இருந்தது. பெரியப்பா முளைகளை எடுத்துக் கொடுத்தார். பலகையை மூடி, அப்பா முளைகளைத் தட்டினார். இருவரும் மாதாவைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். சிற்றாலயத்துக்குத்தான் என்று நினைத்தேன். தம்பிக்கு மட்டும் கிடைத்த அந்தச் சவாரி எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாலையில் அம்மா கிழங்கைப் பங்கிட்டபோது தம்பியின் தட்டை எடுத்து வைத்தேன்.

"அவனுக்கு வேணாம் பாப்பா."

"முளதானம்மா அடிச்சிருக்கு. அப்பா தொறந்துருவாரு."

அம்மா தன் பங்கை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

அந்த ஆண்டு மலாக்காவில் ஆணியும் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.