பக்கத்தைத் திருப்பியவன்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கையாளாகச் சேர்ந்து, அதே மாதிரி வண்டியைச் சொந்தமாக வாங்கினேன். திருச்செங்கோட்டில் மாடி வீடு, வாழப்பாடியில் தோப்பு, எல்லாம் நானாகச் செய்தது. அப்படிப்பட்டவனை, கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகளின் மூளைக்காய்ச்சல், டவுனில் ஓர் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவள் கண்மூடிக் கிடந்தாள். உள்ளே விடமாட்டார்கள். வெளியே போகவும் கால் வராது.

என் டிரைவரின் மனைவி வேதக்காரப் பெண். பைபிளைக் கொண்டுவந்து, "ரிப்பன் வெச்ச எடத்தப் படிங்கண்ணா, பாப்பா எந்திரிச்சுருவா" என்று கொடுத்துவிட்டுப் போனாள். என் மனைவி மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். "ஏனுங்க, நீங்களே படிங்க" என்றாள்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். சாகக் கிடக்கும் மகளுக்காக ஓர் அப்பன் இயேசுவின் காலில் விழுகிறான். அவரும் கிளம்புகிறார். வழியில் ஒரு நோயாளிப் பெண் அவரைத் தொட, அங்கேயே நின்றுவிடுகிறார்.

"அந்தப் பொம்பளைய அப்பறம் பாத்தா ஆகாதுங்களா? அங்க புள்ள கெடக்குதே!" என்று பதறினாள் மனைவி.

அடுத்த வரியில் வீட்டிலிருந்து ஆள் வந்து, மகள் இறந்துவிட்டாள் என்கிறான். பக்கமும் அதோடு முடிந்தது. அந்த வரியை வாய்விட்டுப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"என்னாச்சுங்க அந்தப் புள்ளைக்கி?"

"அவரு நடந்துட்டு இருக்கறாரு."

சாயங்காலமும் கேட்டாள். "இன்னுமா நடக்கறாரு?"

மூடிய புத்தகத்தை மடியில் எடுத்து வைத்தேன். தண்ணீர் வராமல் வெறும் மண்புகை பறக்கும் குழியருகே எத்தனையோ விவசாயிகள் என் கையைப் பிடித்து, "இன்னொரு ராடு எறக்குங்க சாமி" என்று கெஞ்சியிருக்கிறார்கள். துளைப்பதை நிறுத்துவதா, இன்னொரு கம்பி இறக்குவதா என்பதை நிலத்துச் சொந்தக்காரனான காட்டுக்காரன்தான் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் தொழில் வழக்கம். இங்கே காட்டுக்காரன் நான்.

புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் திருப்பினேன். அவர் உள்ளே போய்க் கையைப் பிடிக்கிறார், பிள்ளை எழுந்துவிடுகிறது. அதற்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார்.

"திங்கக் குடுக்கச் சொன்னாருங்களா!" மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் பிள்ளை கண் திறக்க மேலும் பல நாளானது. வலது கை இன்றும் சரியாக மடங்காது. மருந்து என்கிறார் டாக்டர். தன் ஜெபம் என்று வேதக்கோயிலில் எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னாள் டிரைவர் மனைவி. குலதெய்வம் என்கிறாள் என் மனைவி. எல்லாம் இருக்கட்டும். பயந்துகொண்டே அந்தப் பக்கத்தைத் திருப்பியவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.