கடற்கரையில் மீன்பொரியல்

இன்று மீன் பொரித்தபோது, பக்கத்து வீட்டுக்கு மணக்கும் என்று மகள் டேனிஷில் சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். நான் என் பத்தாவது வயதுக்குப் போய்விட்டேன்.

அப்பா எங்களை ஊரில் விட்டு, முன்பே டேனிஷ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்திருந்தார். எங்களைக் கூப்பிட அவர் கேட்ட அனுமதியை டேனிஷ் அரசு வருடக்கணக்காக இழுத்தடித்தது. ஒருவழியாக நானும் அம்மாவும் வந்துசேர்ந்த முதல் கோடையில் மூவரும் கடற்கரைக்குப் போனோம். அம்மா புட்டையும் மீன்பொரியலையும் திறந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

"இஞ்சேரும், மூடி வையும். வீட்டை போய்ச் சாப்பிடுவம்," என்று அப்பா கிசுகிசுத்தார்.

"எங்களை எத்தினை வருசம் வரவிடாமல் வைச்சிருந்தவை? இப்ப வந்திட்டம். இனி நான் ஒளிச்சுச் சாப்பிடமாட்டன்," என்றார் அம்மா.

அப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் பெரிய துண்டாய் வையும்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.