காசியம்மா பல்லுக்கு மூணு படம்

பல் டாக்டர் தொழிலில் ஒரு சௌகரியம்: எதிரே இருப்பவர் வாயைத் திறந்திருக்கும்வரை நம்மைத் திட்ட முடியாது. மூடியதும் வட்டியும் முதலுமாகச் சேர்த்துத் திட்டுவார். ஜனங்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் யாருக்கும் தெரியாததா! எண்பதுகளின் கடைசியில் மரக்காணத்தில் கிளினிக் போட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டதில் கொஞ்சம் இங்கே.

முதல் படம்

காசியம்மா உப்பளத்தில் உப்பு வாருபவர். கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று, சந்தையில் குறடோடு உட்கார்ந்திருக்கும் முனுசாமியிடம் அதைப் பிடுங்கிக்கொண்டார். பல் போயிற்று, வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடச் சொல்லி என்னிடம் வந்தார். தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. நல்ல பல்லில் கை வைக்கமாட்டேன், எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். மெட்ராஸிலிருந்து பழைய மெஷினை அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தது சும்மாவா?

அப்போதெல்லாம் பிலிமை வாய்க்குள் வைத்து, நோயாளியே விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். உப்பேறிய விரல் நாக்கில் பட்டதும் காசியம்மாவுக்குக் குமட்டி, தலை ஆடிவிட்டது. கழுவிப் பார்த்தால் ஒரே புகைமூட்டம். காசியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மார்கழிப் பனியில எங்க அளம் இப்படித்தான் இருக்கும். பல்லு எங்கம்மா?"

இரண்டாம் படம்

மறுநாள் விரலில் துணி சுற்றிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய, பாவம், அசையாமல் பிடித்தார். கதவிடுக்கில் கோணி செருகிய குளியலறைதான் என் இருட்டறை. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் படம் அழகாக வந்தது. கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். காய்ந்ததும் பார்த்தால், பார்க்கவேண்டிய இடம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது! உப்பு விளையும் ஊரில் கிணறு மட்டும் இனிக்குமா? துடைத்ததில் படமும் கீறிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காசியம்மாவுக்கோ கஞ்சிகூட இறங்கவில்லை.

"நாளன்னிக்குச் சந்தை. அதுக்குள்ள நீங்க பார்த்துச் சொல்லலைன்னா, முனுசாமிகிட்ட அந்தப் பல்லையும் குடுத்துட்டு வந்துடுவேன்."

இரண்டு கேன் தண்ணீர்

விடுவேனா? விடிந்ததும், கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பெருமுக்கல் ஊருக்குப் போய், நல்ல தண்ணீர் இரண்டு கேன் பிடித்து மரக்காணம் பஸ்ஸில் ஏற்றினேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர், குடிக்கவா என்று கேட்டார். படம் கழுவ என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, அம்மாம் பெரிய கடலை வெச்சிக்கிட்டு தண்ணிக்கு டிக்கெட் எடுக்குறீங்களே?"

மூன்றாம் படம்

இந்த முறை பளிச்சென்று வந்தது. பக்கத்துப் பல் முழுசாக இருந்தது. பிடுங்கிய பல்லின் குழியில், ஈறுக்கு அடியில், ஒடிந்த வேர்த்துண்டு ஒன்று! அதுதான் இத்தனை நாள் காசியம்மாவைப் படுத்திய எமன். ஊசி போட்டு எடுத்துவிட்டேன். மறுநாள் சந்தைக்குக் காசியம்மா போனார், பல்லைப் பிடுங்கிக்கொள்ள அல்ல. வேரைக் காகிதத்தில் மடித்து, படத்தையும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, முனுசாமியிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரப் போனார்.

சாயங்காலம் முனுசாமி கிளினிக் வாசலில் நின்றார், கையில் அந்தப் படம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டேன். அவரோ தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வந்து, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் ரொம்ப நாளா பல்லு வலிங்க டாக்டரம்மா. என் குறடை என் வாயில விட எனக்கே பயமா இருக்குது."

மிச்சமிருந்த பெருமுக்கல் தண்ணீர் அவர் படத்துக்குச் செலவாயிற்று. ஆக, அதன் பிறகு மரக்காணத்தில் என் தொழிலுக்குப் போட்டியாக மிஞ்சியது அந்த உப்புக் கிணறு ஒன்றுதான்.