கொய்யாக் கட்டைப் பேனா ஏழுமலை

ஏழுமலை போய்விட்டான்.

காலையில் அவன் மனைவி கன்னியம்மாள் போன் பண்ணினாள். "அண்ணா... உங்க கூட்டாளி எழுந்துக்கல." அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம், திண்டிவனத்தில். நான் விழுப்புரத்தில், இடுப்பில் ஸ்க்ரூ போட்டுப் படுத்திருக்கிறேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்த வீரன்.

"கார்ல படுக்கவெச்சுக் கூட்டிக்கினு போம்மா" என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். "திரும்பிப் படுக்கவே கூடாதுன்றாரு டாக்டரு. நீ திண்டிவனம் போறியா?" என்றாள். பெற்ற மகளிடம் தொண்ணூற்றைந்து வயதில் திட்டு வாங்குவதும் ஒரு கொடுப்பினைதான்.

சரி, போக முடியாதவன் வேறென்ன செய்வான்... ஒற்றை விரலால் போனைக் குத்திக்கொண்டிருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எட்டாவது ஃபெயில்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்து பங்களா ஒன்றில் நான் தோட்டக்காரன். ஏழுமலை கடைசல் பட்டறையில் கட்டில் கால் கடைகிறவன். இரண்டு பேருக்கும் மீசை வந்தும் வராமலும் இருந்தது.

கொய்யா, மாதுளை என்று நான் கவாத்து பண்ணிப் போடும் கிளைகளை அவன் வந்து பொறுக்கிக்கொண்டு போவான். அடுப்புக்கு என்று நினைத்தேன். ஒரு நாள் கொய்யாக் குச்சியில் பேனா கடைந்து வந்து காட்டினான். நிப்பைச் செருகி, மையில் தொட்டு எழுதுகிற பேனா. அவ்வளவு வழவழப்பு... கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்குத்தான்.

அந்தக் காலக் கடைசலுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் கட்டையில் சுற்றிய தோல் வாரைப் பிடித்து முன்னும் பின்னும் இழுப்பான், கட்டை இப்படியும் அப்படியும் சுற்றும். ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும்தான் உளி படவேண்டும். நான் ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டே இழுத்தால் பேனா படார்.

"டேய் கோயிந்தா, வார இழுக்கறியா, ஊஞ்ச ஆட்டறியா?"

"நீ ஜல்தியா கடைடா. பொண்ணு வூட்ல காத்துக்கினு இருக்காங்க."

பெண் வீடு... அதுதான் விஷயம். கன்னியம்மாளின் அப்பா திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். கட்டில் கால் கடைகிறவனுக்குப் பெண் இல்லை என்றுவிட்டார். "பேனாவும் கடைவேன் சார்" என்று இவன் வாயை விட்டான். "அப்ப ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கொண்டாந்து காட்டு, பாக்கலாம்" என்றார் அவர்.

பச்சைக் கட்டை ஒரு கோடையாவது காய வேண்டும். எங்களுக்கு ஏது கோடை? ரயில் என்ஜினிலிருந்து வாரிக் கொட்டுகிற சாம்பல் மேடு எப்போதும் சூடாகக் கிடக்கும். குச்சிகளை அதில் புதைத்து வைத்தோம். யோசனை அவனுடையது. "பிரமாதம்டா" என்று தலையாட்டியது நான்.

வெளியே தட்டினால் டங் டங் என்றது. உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது.

கடைந்த பேனாக்களைத் துணியில் கட்டி, ரயிலேறிப் போய், வாத்தியார் முன்னால் அவிழ்த்தோம். ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி வளைந்து கிடந்தது. வாத்தியார் ஒன்றை எடுத்து, நிப்பைச் செருகி, மைக்கூட்டில் தொட்டார். பேனா மட்டும் மேலே வந்தது. நிப் உள்ளேயே தங்கிவிட்டது.

"ஏம்பா, இது எழுதறதுக்கா, இல்ல தூண்டில் போடறதுக்கா?"

உள்ளே கன்னியம்மாள் சிரிக்கும் சத்தம். ஏழுமலை தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்காக ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. கடைசியில் என் வாயில் வந்தது... "சார், குடிக்கத் தண்ணி கெடைக்குமா?"

"அடுத்த வருசம் பாக்கலாம், போய் வாங்க" என்றார். பெண் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. ஏழுமலைக்குப் புரியவில்லை.

மறு வருஷம் என்னையும் இழுத்துக்கொண்டு போயே விட்டான். ஒரு கோடை முழுக்கக் கூரைமேல் காய்ந்த கட்டை, நேரான பேனா. வாத்தியார் எங்களை மறந்தே போயிருந்தார். ஆனால் கன்னியம்மாள் வந்த வரனுக்கெல்லாம் வயிற்று வலி என்று படுத்து, தட்டிக்கழித்திருக்கிறாள்...

பேனா எழுதியது. பெண்ணைக் கொடுத்தார்.

போன தை மாதம் கடைசியாகப் பார்த்தேன். கை நடுக்கம், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "நீயே ஊத்து கன்னி" என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறென்ன செய்ய...

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பேத்தி வீடியோ கால் போட்டாள். மாலைகளுக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. "பேசுங்க தாத்தா" என்று போனை அவன் காதுப் பக்கம் வைத்தாள்.

"டேய்..." என்றேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

பிறகு கன்னியம்மாள் வந்தாள். "நேரமாய்டுச்சுண்ணா. தூக்கப் போறாங்க."

"சரிம்மா... வர்றேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த மகள் பதறிவிட்டாள். "அப்பா, சாவு வூட்ல யாராவது வர்றேன்னு சொல்லுவாங்களா?"

சொல்லக்கூடாதுதான். பழக்கம், வாயில் வந்துவிட்டது.

கன்னியம்மாள் பேத்தி கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். அப்புறம், "வாங்கண்ணா" என்றாள்.

எடுத்துவிட்டார்கள்.

போடா ஏழுமலை...