காலுக்குக் கால்

சுபானு வருஷம் மாசியில் என் அண்ணனுக்கு வலது கால் பெருவிரல் வீங்கியது. போர்வை பட்டாலும் அலறுவார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர், ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்துவிட்டது என்றார். கொடுத்த மாத்திரையை, சிறுநீர் குறைவதைக் கண்டு, பங்குனி முதல் வாரத்தில் டாக்டரே நிறுத்திவிட்டார்.

பிறகு குடுமியான்மலை வைத்தியரிடம் போனோம். அண்ணனின் சிறுநீரைக் கிண்ணத்தில் வாங்கி, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அது பரவும் விதத்தை நெடுநேரம் பார்த்தார். மூக்கிரட்டை வேர், நெருஞ்சில், சிறுபீளை மூன்றையும் இடித்துக் கஷாயம் வைக்கச் சொன்னார்.

"மருந்து பாதி, பத்தியம் பாதிங்க. கறி, கொள்ளு எதுவும் நாக்குல படக்கூடாது. காலு வலிச்சாத் தாங்கிக்கலாம். குண்டிக்காய் கெட்டா என்கிட்ட மருந்து இல்லீங்க."

குண்டிக்காய் என்று அவர் சொன்னது சிறுநீரகத்தை. சித்திரை முழுவதும் அண்ணன் பத்தியம் காத்தார். வீக்கம் வடிந்தது, சிறுநீரும் தெளிந்தது. நான் கிடைத்த வைத்திய நூல்களையெல்லாம் படித்தேன். ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்தது. கறி ஆகாது என்பதில் மட்டும் எல்லாம் ஒத்துப்போயின.

வைகாசியில் அண்ணனின் மாமியார் இலுப்பூரிலிருந்து வந்தார், துணி கட்டிய தூக்குச்சட்டியோடு. மாப்பிள்ளைக்கு எதிரே நிற்கிற வழக்கம் அவருக்கில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் பேசினார், பேச்செல்லாம் அண்ணனுக்கு.

"காலுக்குக் காலுதான் மருந்து, ஆத்தா. ஆட்டுக்கால எலும்பு கரையக் காய்ச்சியிருக்கேன். மாப்பிள்ளையச் சூட்டோட குடிக்கச் சொல்லு."

"பத்தியம்ணே," என்றேன் மெதுவாக.

"கதவுக்கு அங்கிட்டு நிக்கிறாங்கடா. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

குடித்தார். ருசித்தே குடித்தார்.

அந்த வாரமே இரண்டு கணுக்காலும் வீங்கின. சிறுநீர் கலங்கி, சொட்டுச் சொட்டாக வந்தது. வைத்தியர் எண்ணெய் விட்டுப் பார்த்தார். இந்தத் தடவை மருந்து தராமல் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

ஆனியில் மாமியார் மறுபடி சட்டியோடு வந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"அத்தை, இதுதான் அண்ணனுக்கு ஆகலை. குண்டிக்காயே கெட்டுப்போயிருமாம்."

"பொஸ்தகம் படிச்ச புள்ள சொல்றதப் பாரு! வீக்கம் கூடிருச்சுன்னு கேட்டுத்தானே ஓடியாறேன். போன தடவ முன்னங்காலு மட்டுந்தான் போட்டேன், நோவு கேக்கல. இப்ப நாலு காலையும் போட்டுருக்கேன், தம்பி."

சட்டியை வாங்கப் பார்த்தேன். "சுடும், விடுங்க," என்று விலக்கிவிட்டு உள்ளே போனார்.

மாமியார் குரல் கேட்டதும் அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்தார்.